நடுநிலையாக்கல் வெப்பம் 57.3 வர வேண்டிய இடத்தில் 46 தான் வருகிறது. மீதி எங்கே போகிறது?

முதலாண்டு_வேதியியல் கேட்டது:

வணக்கம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேரும்போது வெளிவரும் வெப்பத்தை அளக்கும் சோதனை. மூன்று முறை செய்தும் விடை குறைவாகவே வருகிறது.

250 மி.லி. கண்ணாடி பீக்கரைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டி, மேலே அட்டை மூடி போட்டேன். அதில் 50 மி.லி. 1 மோலார் அமிலம். வெப்பநிலை 28.5 டிகிரி. 50 மி.லி. 1 மோலார் காரத்தை ஊற்றிக் கலக்கினேன். ஏறிய உச்சம் 34.0 டிகிரி. ஆக உயர்வு 5.5.

100 × 4.18 × 5.5 = 2299 ஜூல். வினைபட்டது 0.05 மோல். மோலுக்கு 46.0 கிலோஜூல். புத்தகத்தில் 57.3 என்று இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு காணவில்லை. காரம் 4 கிராம் வில்லைகளை எடைபோட்டு 100 மி.லி. ஆக்கியது. கரைத்ததும் சூடாகிவிட்டதால் குழாய்த் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிட்டேன். வெப்பமானி 0.1 டிகிரி பிரிவு கொண்டது.

பஞ்சை இன்னும் தடிமனாகச் சுற்றினால் சரியாகுமா?

---

பியூரெட்_முனை:

பஞ்சைக் கூட்டுவதால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். உங்கள் 11 கிலோஜூல் ஒரே ஓட்டை வழியாகப் போகவில்லை. நான்கு சிறு ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து அடைக்கலாம்.

முதல் ஓட்டை பீக்கரேதான். வினை வெளியிட்ட வெப்பத்தில் ஒரு பகுதி கண்ணாடியையும் வெப்பமானியையும் கலக்கும் கம்பியையும் சூடாக்கப் போகிறது. உங்கள் கணக்கில் தண்ணீருக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. பஞ்சு, வெப்பம் வெளியே போவதைத் தடுக்கும். கண்ணாடி குடிக்கும் வெப்பத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் கலோரிமீட்டர் மாறிலி, அதாவது பாத்திரமும் கருவிகளும் ஒரு டிகிரி சூடாக எடுத்துக்கொள்ளும் வெப்பம்.

மாறிலியைக் கண்டுபிடிக்க அமிலம் காரம் எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். அதே பீக்கர், அதே மூடி, அதே வெப்பமானி, அதே கம்பி. பீக்கரில் 50 கிராம் அறை வெப்பநிலைத் தண்ணீர். வேறொரு பாத்திரத்தில் 50 கிராம் வெந்நீர், அறையைவிட 20 டிகிரி அதிகம். மி.லி. அளக்காமல் தராசில் எடைபோடுங்கள். 50 டிகிரி தண்ணீர் 50 மி.லி. எடுத்தால் 49.4 கிராம்தான் இருக்கும். வெந்நீரைக் குளிர்நீர் மேல் ஊற்ற வேண்டும். திருப்பிச் செய்தால் பீக்கர் ஏற்கெனவே சூடாக இருக்கும், கணக்கு மாறிப்போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. குளிர்நீர் 29.0, வெந்நீர் 49.0, கலந்தபின் 38.1. பீக்கர் எதையும் குடிக்காவிட்டால் 39.0 வந்திருக்கும். வெந்நீர் இழந்தது 50 × 4.18 × 10.9 = 2278 ஜூல். குளிர்நீர் பெற்றது 50 × 4.18 × 9.1 = 1902 ஜூல். வித்தியாசம் 376 ஜூல். அதை 9.1 ஆல் வகுத்தால் டிகிரிக்கு 41 ஜூல். இதுதான் மாறிலி. வினையின் கணக்கில் 418 என்று போட்ட இடத்தில் 418 + 41 என்று போட வேண்டும்.

இந்த அளவீடு மிகவும் கூச்ச சுபாவம் உள்ளது. கலந்தபின் வெப்பநிலையை 0.1 டிகிரி தவறாகப் படித்தால் மாறிலி 4 அல்லது 5 ஜூல் நகரும், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே மூன்று முறையாவது செய்து சராசரி எடுங்கள். மாறிலி எதிர்க்குறியில் வந்தால் பெரும்பாலும் வெப்பமானி வெந்நீரின் வெப்பநிலைக்கு வந்து நிற்கும் முன்பே படித்ததில் கோளாறு இருக்கிறது.

இரண்டாவது ஓட்டை, தொடக்க வெப்பநிலை. அமிலத்தை மட்டும்தான் அளந்திருக்கிறீர்கள். காரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன் என்கிறீர்கள். குழாய்த் தண்ணீர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருந்திருந்தால் காரம் 28.5 இல் இருந்திருக்காது. அது 27.9 என்றால் உண்மையான தொடக்கம் இரண்டின் சராசரி, 28.2. உயர்வு 5.5 இல்லை, 5.8. இதில் மட்டுமே ஐந்து விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. இரண்டு கரைசலையும் ஒரே தட்டில் அரைமணி நேரம் வையுங்கள். அளப்பது ஒரே வெப்பமானியாக இருக்கட்டும், ஒன்றிலிருந்து எடுத்துக் கழுவித் துடைத்து அடுத்ததில் விடுங்கள். இரண்டு வெப்பமானிகள் ஒரே தண்ணீரில் 0.3 டிகிரி வேறுபட்டுக் காட்டுவது சாதாரணம்.

மூன்றாவது உச்ச வெப்பநிலையைப் படித்த விதம். நான்காவது காரத்தின் செறிவு. இந்த இரண்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

---

வளைகோடு:

மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

வெப்பமானியில் தெரியும் உச்சம் உண்மையான உச்சம் இல்லை. கலந்த நொடியில் கரைசல் வெளிக்கு வெப்பம் இழக்கத் தொடங்கிவிடுகிறது. வெப்பமானியோ மேலே ஏற ஒரு நிமிடம் எடுக்கிறது. ஏறிக்கொண்டிருக்கும் பாதரசமும் இறங்கிக்கொண்டிருக்கும் கரைசலும் சந்திக்கும் இடத்தைத்தான் நீங்கள் 34.0 என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரியான முறை வரைபடம். கடிகாரத்தை ஓடவிட்டு அமிலத்தின் வெப்பநிலையை அரை நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு நிமிடம் வரை குறியுங்கள். சரியாக 5 ஆவது நிமிடத்தில் காரத்தை ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். அந்த நிமிடத்தில் எதையும் படிக்காதீர்கள். பிறகு விடாமல் ஒரே வேகத்தில் கலக்கிக்கொண்டு, 5.5 இலிருந்து 12 ஆவது நிமிடம் வரை படியுங்கள். இறங்கும் பகுதி நேர்கோடாக வரும். அந்தக் கோட்டை அளவுகோல் வைத்து 5 ஆவது நிமிடம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். முதல் நான்கு நிமிடக் கோட்டை முன்னோக்கி அதே 5 வரை நீட்டுங்கள். 5 ஆவது நிமிடத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கும் செங்குத்து உயரம்தான் வெப்பநிலை உயர்வு.

நடுநிலையாக்கலில் இது 0.2 டிகிரி அளவுக்குத்தான் மாற்றும், ஏனென்றால் வினை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. துத்தநாகத் தூளைக் காப்பர் சல்பேட்டில் போடும் சோதனையில் வரைபடம் இல்லாமல் நல்ல விடை வராது. 50 மி.லி. 0.2 மோலார் காப்பர் சல்பேட்டில் இருப்பது 0.01 மோல். மோலுக்கு சுமார் 218 கிலோஜூல் என்பதால் ஏறக்குறைய 10 டிகிரி உயர வேண்டும். ஆனால் செம்பு துத்தநாகத்தின் மேல் படிந்து மூடுவதால் வினை நிமிடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் சூடு கசிந்துவிடும். துத்தநாகம் தேவையானது 0.65 கிராம். அதைப்போல இரண்டு மடங்கு, தூளாகவே போடுங்கள். குருணை போட்டால் நீலம் போகவே போகாது.

இன்னொன்று. மாறிலி கண்டுபிடிக்கும் தண்ணீர்ச் சோதனையையும் இதே வரைபட முறையில்தான் செய்ய வேண்டும், வெந்நீரை அதன் பாத்திரத்திலேயே நான்கு நிமிடம் படித்து 5 க்கு நீட்டி. அங்கே வரைபடம் இல்லாமல் இங்கே மட்டும் வரைந்தால், வெளியே கசிந்த வெப்பம் மாறிலிக்குள்ளும் ஒளிந்துகொள்ளும், வரைபடத்திலும் திரும்ப வரும். ஒரே இழப்பை இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள். விடை 60 ஐத் தாண்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

காந்தக் கலக்கி பயன்படுத்தினால் அதன் தட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக்கும் வசதி உள்ள வகை என்றால் முந்தைய வகுப்பின் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். இறங்க வேண்டிய கோடு ஏறும்.

---

தரம்பார்ப்பவர்:

4 கிராம் வில்லையை 100 மி.லி. ஆக்கினால் 1 மோலார் என்பது காகிதத்தில்தான். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லை பாட்டிலைத் திறந்த உடனேயே காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். வாட்ச் கிளாஸில் வைத்து எடைபோடும்போதே வில்லையின் மேல் பளபளவென்று ஈரம் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் எடைபோட்டது காரத்தோடு சேர்த்து தண்ணீரையும்தான், கொஞ்சம் கார்பனேட்டையும்தான். அதனால் செறிவை ஆக்சாலிக் அமிலத்தால் தரம்பார்த்தே ஆக வேண்டும், அதாவது செறிவு தெரிந்த கரைசலோடு வினைப்படுத்தி அளக்க வேண்டும்.

படிக ஆக்சாலிக் அமிலம் 1.576 கிராம், 250 மி.லி. திட்டக் குடுவையில். இது 0.1 நார்மல், அதாவது 0.1 மோலார் காரத்தைச் சம கன அளவில் நடுநிலையாக்கும் செறிவு. உங்கள் காரத்தில் 25 மி.லி. பிப்பெட்டில் எடுத்து இன்னொரு 250 மி.லி. குடுவையில் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அதில் 20 மி.லி. கூம்புக் குடுவையில், இரண்டு சொட்டு பீனால்ப்தலீன், பியூரெட்டில் ஆக்சாலிக் அமிலம். இளஞ்சிவப்பு மறையும் இடம் 19.2 மி.லி. என்றால் நீர்த்த காரம் 0.096, உங்கள் மூலக் காரம் 0.96 மோலார். அதே காரத்தைக் கொண்டு அமிலத்தையும் தரம்பார்த்துவிடுங்கள்.

கணக்கில் போட வேண்டிய மோல், இரண்டில் எது குறைவோ அது. இதில் குழப்பமே வராமல் இருக்க அமிலத்தை வேண்டுமென்றே 1.1 மோலார் ஆக்கிவிடுவது நல்லது. அப்போது காரம் முழுவதும் தீரும், காரத்தின் மோல்தான் விடையைத் தீர்மானிக்கும்.

பழைய காரக் கரைசலில் இன்னொரு கெடுதி கார்பனேட். காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆன பங்கு, அமிலத்தோடு சேரும்போது ஹைட்ராக்சைடு தரும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தரும். குமிழாக வாயு வெளியேறினால் அதையும் எடுத்துக்கொண்டு போகும். ஒரு சோதனைக்குழாயில் காரம் கொஞ்சம் எடுத்து பேரியம் குளோரைடு சில சொட்டு விடுங்கள். நன்றாக வெள்ளை வீழ்படிவு வந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். பேரியம் உப்பு நஞ்சு, கையைக் கழுவ மறக்க வேண்டாம். கார்பனேட் இல்லாத காரம் வேண்டுமென்றால் சம எடை வில்லையும் தண்ணீரும் சேர்த்து அடர்கரைசல் செய்து பிளாஸ்டிக் பாட்டிலில் ஓரிரு நாள் வையுங்கள். அந்த அடர்த்தியில் சோடியம் கார்பனேட் கரையாமல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததில் 5.3 மி.லி. எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் 100 மி.லி. ஆக்கினால் ஏறத்தாழ 1 மோலார். அந்த அடர்கரைசல் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே கையாளுங்கள்.

---

முதலாண்டு_வேதியியல்:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

மாறிலி மூன்று முறை: 38, 44, 41. சராசரி 41. மாதிரிக் கணக்கில் இருந்த எண்ணே வந்தது. காரம் 0.96 மோலார், அமிலம் 1.02. இரண்டும் ஒரே தட்டில் வைத்தபின் 28.4. ஊற்றியபின் 5.5 ஆவது நிமிடத்தில் 33.6, பிறகு 34.1, 34.2, 34.2. எட்டாவது நிமிடம் 34.1, ஒன்பதாவது 34.0, பத்தாவது 33.9. பின்னோக்கி நீட்டினால் 5 ஆவது நிமிடத்தில் 34.4. உயர்வு 6.0.

(418 + 41) × 6.0 = 2754 ஜூல். மோல் 0.048. விடை 57.4 கிலோஜூல்! சரியாக 57.3 க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இத்துடன் முடிந்தது என்று எழுதிவிடலாமா?

---

பியூரெட்_முனை:

அளவீடு அருமை, குறிப்பாக இறங்கும் கோடு. ஆனால் 57.4 என்று எழுதுவதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, பீக்கரில் இப்போது இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, அரை மோலாருக்குக் கொஞ்சம் குறைந்த உப்புக் கரைசல். 100 மி.லி. அதன் எடை சுமார் 101.7 கிராம். தன்வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரைவிடக் குறைவு, கிராமுக்கு சுமார் 4.04 ஜூல். பெருக்கினால் 411. எடை கூடுகிறது, ஏற்புத்திறன் குறைகிறது, ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டுவதால்தான் 418 என்று போட்டாலும் பெரிய தவறு வருவதில்லை. சரியான கணக்கு (411 + 41) × 6.0 = 2712 ஜூல். 0.048 ஆல் வகுத்தால் 56.5 கிலோஜூல்.

இரண்டு, பிழை எல்லை. உயர்வில் 0.1 டிகிரி ஐயம் என்றால் அதுவே ஏறத்தாழ 1 கிலோஜூல். மாறிலியில் உங்கள் மூன்று எண்களின் பரவலைப் பார்த்தால் இன்னொரு அரை கிலோஜூல். செறிவிலும் கொஞ்சம். ஆகவே 56.5, கூடக் குறைய 1.5 என்று எழுதுங்கள். வெப்பம் வெளிப்படுவதால் என்தால்பி மாற்றத்துக்கு (மாறாத அழுத்தத்தில் வினையின் வெப்ப மாற்றம்) முன்னால் கழித்தல் குறி.

---

வளைகோடு:

57.3 என்ற அந்த எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தவறில்லை, ஆனால் உங்கள் அறைக்கு உரியது இல்லை. அயனிகளிலிருந்து நீர் உருவாகும் வெப்பம் வெப்பநிலையோடு மாறுகிறது. டிகிரிக்கு சுமார் 0.22 கிலோஜூல் குறையும். மிக நீர்த்த கரைசலில் 25 டிகிரியில் 55.8. அதே கணக்கில் 18 டிகிரிக்குப் போனால் 57.3 அளவு வரும். குளிர்நாட்டு ஆய்வகத்தின் அறை வெப்பநிலை அது. நம் 28 டிகிரியில் 55.1 தான். ஆனால் உங்கள் கரைசல் மிக நீர்த்தது அல்ல, 1 மோலார். கலக்கும்போது அமிலம் பாதியாக நீர்க்கும், அந்த வெப்பமும் சேர்ந்து ஒரு கிலோஜூலுக்கு மேல் கூட்டும். எனவே 56 ஐ ஒட்டி வருவதுதான் நியாயம். உங்கள் 56.5 அதனால்தான் எனக்கு 57.4 ஐவிடப் பிடித்திருக்கிறது. நீர்த்தல் வெப்பத்தைக் குறைக்க 0.25 மோலாருக்குப் போகலாம் என்று தோன்றும், ஆனால் உயர்வு 1.5 டிகிரியாகச் சுருங்கிவிடும், 0.1 டிகிரிப் பிழை ஏழு விழுக்காடு ஆகிவிடும். 0.1 பிரிவு வெப்பமானிக்கு 1 மோலார்தான் சரியான சமரசம்.

---

முதலாண்டு_வேதியியல்:

புரிந்தது. அடுத்த வாரம் இதே கருவியில் அசிட்டிக் அமிலம். வலிகுறை அமிலம் (நீரில் முழுதும் அயனியாகாதது) அயனியாக ஆற்றல் வேண்டும், அதனால் வெப்பம் குறையும் என்று காட்ட வேண்டும். இந்தப் பிழை எல்லையில் வித்தியாசம் தெரியுமா?

---

தரம்பார்ப்பவர்:

தெரியாது. அசிட்டிக் அமிலத்துக்குக் கருத்தும் அவ்வளவு பொருந்தாது. 25 டிகிரியில் அது அயனியாகும் வெப்பம் கிட்டத்தட்டப் பூச்சியம், அரை கிலோஜூலுக்கும் குறைவு. அது வலிகுறைந்து இருப்பதற்குக் காரணம் ஆற்றல் இல்லை, அயனிகளைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் ஒழுங்குபடுவதால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) குறைவது. ஆக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எண்ணுக்கு அருகிலேயே கிடைக்கும். குறைவாக வந்தால் அதைக் கொள்கையின் வெற்றி என்று எழுதிவிடாமல் முதலில் வரைபடத்தைச் சரிபாருங்கள்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் அம்மோனியாவை எடுங்கள். அமிலத்தோடு அது தருவது 25 டிகிரியில் 52.2 கிலோஜூல். 55.8 ஐவிட 3.6 குறைவு, கவனமாகச் செய்தால் உங்கள் கருவியில் பிடிபடும். அடர் அம்மோனியாவை நீர்க்கச் செய்வது புகைக்கூண்டுக்குள். கரைசலை மூடியே வைத்திருங்கள், வாயு பறந்தால் செறிவும் பறக்கும். தரம்பார்ப்பதைச் சோதனைக்குச் சற்று முன்பு, மெத்தில் ஆரஞ்சு போட்டுச் செய்யுங்கள். பீனால்ப்தலீன் இங்கே நிறமாற்றத்தைச் சரியான இடத்தில் காட்டாது.

ஹைட்ரோசயனிக் அமிலம் 12 கிலோஜூல் அளவே தரும், ஹைட்ரோபுளோரிக் அமிலம் மாறாக 68 ஐ ஒட்டித் தரும். வலிகுறை என்றால் எப்போதும் வெப்பம் குறையும் என்பது விதியல்ல என்பதற்கு இந்த எண்களே போதும். இவ்விரண்டும் படிப்பதற்கு மட்டும், கொடிய நஞ்சுகள்.

---

ஆக்சிஜன்30:

இடையில் ஒரு கேள்வி வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே: இதே பீக்கரின் கீழ் நிலக்கடலையை எரித்து உணவின் ஆற்றலை அளக்க முயலாதீர்கள். திறந்த தீயில் பெரும்பகுதி காற்றோடு போகும், கரியும் மிஞ்சும். அதற்கு குண்டுக் கலோரிமீட்டர்தான். தடித்த எஃகுக் கலத்தில் 1 கிராம் வில்லை, 30 வளிமண்டல அழுத்த ஆக்சிஜன், சுற்றிலும் 2 கிலோ தண்ணீர். அதன் மாறிலியைப் பென்சாயிக் அமிலத்தை எரித்துக் கண்டுபிடிப்பார்கள், கிராமுக்கு 26.4 கிலோஜூல். பற்றவைக்கும் கம்பி எரிந்த வெப்பத்தையும், காற்றின் நைட்ரஜன் நைட்ரிக் அமிலமான வெப்பத்தையும் கழிப்பார்கள். அங்கே கன அளவு மாறாததால் கிடைப்பது அக ஆற்றல் மாற்றம். வாயு மோல் மாற்றத்துக்குத் திருத்தம் போட்டால்தான் என்தால்பி. பென்சாயிக் அமிலத்தில் அந்தத் திருத்தம் மோலுக்கு 1.2 கிலோஜூல் மட்டுமே, 3200 க்கு மேற்பட்ட மொத்தத்தில்.

---

முதலாண்டு_வேதியியல்:

அம்மோனியாவே செய்கிறேன். கடைசியாக ஒன்று, கண்ணாடிக்குப் பதில் தெர்மகோல் கோப்பை எடுத்தால் மாறிலி குறையுமாமே, எங்கும் கிடைக்கவில்லை.

---

பியூரெட்_முனை:

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மகோல் கோப்பை தடை. கருவிப் பெட்டிகளில் வரும் தெர்மகோல் கட்டியைக் குடைந்து, அதற்குள் சன்னமான 150 மி.லி. பீக்கரைப் பொருத்துங்கள். 250 மி.லி. பீக்கரில் பாதிக் கண்ணாடி கரைசலையே தொடாமல் மேலே நிற்கிறது, சூடு மட்டும் மெல்ல ஏறிப்போகிறது. சிறிய பீக்கரில் அந்த நஷ்டம் இருக்காது. மூடியையும் அதே கட்டியில் வெட்டுங்கள். துளை வெப்பமானிக்கும் கம்பிக்கும் இறுக்கமாக இருக்கட்டும். அகல வாய் கொண்ட வெற்றிடப் பிளாஸ்க்கும் நல்லது, ஆனால் அதன் உள்சுவர் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும், 12 நிமிடத்துக்குப் பதில் 20 வரை படிக்க வேண்டியிருக்கும்.

பாத்திரத்தை மாற்றினால் 41 ஐத் தூக்கிப்போட்டுவிட்டு மாறிலியை முதலிலிருந்து அளக்க வேண்டும். அம்மோனியா ஓட்டத்துக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.